குரல் உயர்த்தாதவர்

அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. ஐந்து மாதம் என் அறைக்கு வந்துபோனார். அந்த ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட 'இதைச் செய்யுங்கள்' என்று அவர் சொன்னதில்லை. "ஒரு ரோசனைதானுங்க சாமி. உங்களுக்குச் சரின்னு பட்டாப் பண்ணுங்க, இல்லாட்டி உட்ருங்க" என்பார். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படி அவர் சொன்ன எதையும் நான் செய்யாமல் விட்டதும் இல்லை.

சேலத்தில் அச்சகங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு சந்தில், மாடியில் எனக்கு ஓர் அறை. புத்தகங்களின் உள்பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. கும்பாபிஷேக மலர், கல்லூரி மலர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களின் வாழ்க்கை வரலாறு, இவைதான் அதிகம் வரும். நாவல் எப்போதாவது ஒன்று.

முதல் நாள் அவர் செருப்பைக் கீழே படியிலேயே கழற்றிவிட்டு மேலே வந்தார். கரை போடாத வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் மஞ்சப்பை. உட்காரச் சொன்ன பிறகும் நான் இரண்டாம் முறை சொல்லும்வரை உட்காரவில்லை. பைக்குள்ளிருந்து மூன்று நீளமான நோட்டுகளை எடுத்து, மேசையில் வைக்காமல் என் கையிலேயே கொடுத்தார்.

"என்ற பொண்ணு எழுதுனதுங்க. நாவலாமுங்க. நடு நடுவால பாட்டு மாதிரி எழுதியிருக்கறா. புஸ்தகமாப் பண்ணோணும்."

"அவங்க வரலைங்களா?"

"தவறிட்டாளுங்க. போன ஐப்பசியில."

"என்னாச்சுங்க ஐயா?"

"வயித்து வலிங்க."

எங்கள் பக்கத்துச் செய்தித்தாள்களில் இளம்பெண் யாராவது பூச்சி மருந்தைக் குடித்து இறந்தால், காரணம் என்று இந்த வார்த்தையைத்தான் போடுவார்கள். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

அவர் குமாரபாளையத்தில் சொந்தமாகத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே பெண். திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்து மூன்று வருடத்தில் இறந்துவிட்டாள். வருகிற ஐப்பசியில் முதல் வருட நினைவு நாள். அன்றைக்குப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். பெட்டியிலிருந்த நோட்டுகளை எடுத்துக் கொடுத்தது பெண்ணின் அம்மாதான் என்றார்.

"நீங்க படிச்சீங்களா?"

"ரெண்டு பக்கம் படிச்சா கண்ணு மறைச்சுக்குதுங்க. நீங்க அச்செழுத்துல போட்டுக் குடுங்க, கொஞ்சங் கொஞ்சமாப் படிச்சுக்கறேன்."

அன்றைக்கே நோட்டைப் புரட்டினேன். தறிக்கு நூல் தார் சுற்றும் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் கதை. பொடிப்பொடி எழுத்து. வரிக்கு வரி இடைவெளி விடாமல், ஓரக்கோடு தாண்டியும் நெருக்கி எழுதியிருந்தாள். தாள் தீர்ந்துபோய்விடுமோ என்று பயந்தவள் மாதிரி. ஆனால் கவிதை வருகிற இடத்தில் மட்டும் புதுப்பக்கம். மூன்று வரிக் கவிதைக்கும் ஒரு முழுப் பக்கம். மொத்தம் இருபத்தொன்று. கவிதைகள் பென்சிலில் இருந்தன.

எப்படி வடிவமைக்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது. கதையை நெருக்கமாக ஓடவிட்டேன். கவிதை ஒவ்வொன்றையும் தனிப்பக்கத்தில், வலதுபக்கத்தில் தொடங்கினேன். எந்தக் கவிதையும் இரண்டு பக்கத்துக்குப் பிளந்துபோகாமல் பார்த்துக்கொண்டேன். வரி மடங்கிவிடாதபடி எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்தேன். நாவலுக்குள் வரும் கவிதையில் ஒரு சிக்கல் உண்டு. கதையின் வேகத்தில் வருகிறவர்கள் கவிதையையும் அதே வேகத்தில் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அதற்கு வெற்றிடத்தைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அவர் வந்து பார்த்தார்.

"இத்தன எடம் சும்மா கெடக்குதுங்களே."

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். போகும்போது வாசற்படியில் நின்று, "பாட்டுக்குக் கீழ ஒரு பூ மாதிரி வெச்சா எப்பிடிங்க? நெம்பச் சின்னதா. ஒரு ரோசனைதானுங்க" என்றார்.

பத்து வருடத் தொழிலில் நான் கவிதைக்குக் கீழே பூ வைத்ததில்லை. இருபத்தொரு இடத்திலும் மல்லிகை மொட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அன்று யோசிக்கவில்லை. பெண்ணைப் பறிகொடுத்தவர், இது ஒன்றுதானே கேட்கிறார் என்று நினைத்திருப்பேன்.

உண்மையைச் சொன்னால் அவரை எனக்குப் பிடித்திருந்தது. என் அப்பா கத்துகிறவர். குழம்பில் உப்புக் கூடினால் தெருவே திரும்பிப் பார்க்கும். இவரோ நான் தொலைபேசியில் பேசும்போது எழுந்து வெளியே போய் நிற்பார். வரும்போதெல்லாம் தூக்குப் பாத்திரத்தில் எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவருவார். நான் முதல் வாய் வைக்காமல் அவர் சாப்பிட மாட்டார். கீழ்த்தளத்தில் பைண்டிங் பட்டறை. பசை டின்களைப் படிக்கட்டில் வைக்காதீர்கள் என்று இரண்டு வருடமாகப் பட்டறைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஒருநாள் அவர் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னார். மறுநாள் டின்கள் இல்லை. "என்னங்க சொன்னீங்க?" என்றேன். "வேட்டியில பசை ஒட்டிக்கிச்சுங்க, நா பாத்து நடந்திருக்கோணும், தப்பு எம்மேலதான்னேன். அவரே எடுத்துட்டாருங்க" என்றார். மகளைக் கூப்பிடுவதுபோல அவர் என்னைச் 'சாமி' என்பார்; மூன்றாம் மாதம் என்னையறியாமல் நானும் அவரை 'அப்பா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

முதன்முதலாக எனக்கு ஒருமாதிரி இருந்தது ஒரு தொலைபேசி அழைப்பின்போது. வீட்டிலிருந்து அவர் மனைவி பேசினார். ஓமலூரில் ஏதோ கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்கிறார் போலிருக்கிறது.

"போவ வேண்டாம்னு நாஞ் சொல்லலையே. போறதுன்னாப் போயிட்டு வா. எனக்கென்ன, ஒரு நேரஞ் சாப்புடாட்டி உசுரா போயிரும்? நீ போ."

அணைத்துவிட்டுக் கைபேசியை மேசையில் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மறுபடி அடித்தது. கேட்டுவிட்டு, "சரி, உன்ற இஷ்டம்" என்று வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அவளே போவலைன்னுட்டாளுங்க."

நாவலில் அந்தப் பெண்ணுக்கு அப்பா கிடையாது. முதல் அத்தியாயத்துக்கு முன்பே இறந்துபோயிருப்பார். பதினைந்து பக்கம் படித்ததும் அவர் அதைக் கவனித்தார். "அப்பனைக் கொன்னுபோட்டுத்தான் கதையவே ஆரம்பிச்சிருக்கறா பாருங்க" என்று சிரித்தார். சிரிப்பில் வருத்தம்தான் இருந்தது. நான் ஏதோ சமாதானம் சொன்னேன். கதையில் வருகிற அம்மாக்கள், மாமன்கள், முதலாளிகள் எல்லோரும் சத்தமாகப் பேசுகிறவர்கள். அவர்களிடம் அந்தப் பெண்ணுக்குப் பயமே இல்லை. பதிலுக்குப் பதில் பேசுகிறாள். இதை எழுதியவள் எப்படிப் பூச்சி மருந்து வரைக்கும் போனாள் என்று தட்டச்சு செய்தபோது பலமுறை நினைத்தேன்.

புரட்டாசிக் கடைசியில் மொத்தப் பக்கங்களையும் தாளில் எடுத்துக் கொடுத்தேன். அவர் என் எதிரே உட்கார்ந்து, விரலை வரிக்கு அடியில் வைத்து ஓட்டிக்கொண்டே படித்தார். இரண்டு நாள் பிடித்தது. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. இருபத்தொன்றாவது கவிதை. அது கதையில் வரும் பெண் எழுதியது மாதிரி இல்லை. அவளுக்குத்தான் அப்பாவே கிடையாதே. தட்டச்சு செய்தபோதே எனக்கு அது தெரிந்திருந்தது. இவர் இதைப் படிக்கும் நாள் வரும் என்று ஒரு பயமும் இருந்தது.

அப்பா ஒருநாளும் அடித்ததில்லை
கேட்பார்

படிப்பு இதோடு போதுமா என்று கேட்டார்
போதும் என்றேன்
அந்தப் பையனிடம் பேச வேண்டுமா என்று கேட்டார்
வேண்டாம் என்றேன்
இந்த மாப்பிள்ளை சரிதானே என்று கேட்டார்
இல்லை என்றேன்

அன்று அவர் தட்டில் சோறு காய்ந்தது
மறுநாளும் காய்ந்தது
மூன்றாம் நாள்
என்னைப் பிசைந்து
ஊட்டிவிட்டேன்

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இன்னொரு முறை படித்தார். எழுந்துபோய்ப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்தார்.

"நல்லா எழுதியிருக்கறா" என்றார்.

அந்தத் தாளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்தார்.

"சாமி, ஒரு ரோசனைதானுங்க. இது ஒண்ணு மட்டும் வேண்டாமுங்களே."

"அது முடியாதுங்கப்பா. அவங்க இதுலதான் முடிச்சிருக்காங்க."

"நா ஒரு நாளும் அவமேல கையோங்குனதில்லீங்க."

"அதைத்தாங்க அவங்களும் எழுதியிருக்காங்க."

அவர் கண்ணில் நீர் வந்தது. நடிப்பில்லை. அந்த அழுகையை நான் இன்றைக்கும் சந்தேகப்படவில்லை. துடைத்துக்கொண்டு, "ஆமாங்க. உங்களுக்குச் சரின்னு படலீன்னா உட்ருங்க" என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நான் கடை திறக்கும்போது படியில் உட்கார்ந்திருந்தார். மேலே வந்து வழக்கமான நாற்காலியில் அமர்ந்தார். கவிதையைப் பற்றி ஒரு பேச்சில்லை. மதியம் எனக்கான தூக்கை மேசையில் வைத்தார். தன்னுடையதைத் திறக்கவில்லை.

"நீங்க சாப்பிடலைங்களா?"

"எறங்க மாட்டேங்குதுங்க சாமி. நீங்க சாப்புடுங்க."

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போனார். இரண்டாம் நாளும் வந்தார். டீ வாங்கி வைத்தேன். ஆறி ஏடு படிந்து அப்படியே இருந்தது. வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியம் பைண்டிங் பட்டறைக்காரர் மேலே வந்தார்.

"ஏங்க்கா, பெரியவர் நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படலையாமே. ஒரு பாட்டுதானே, எடுத்துட்டா கதை நின்னுடுமா?"

"உங்களுக்கு விஷயம் தெரியாதுங்க."

"என்ன விஷயம் வேணா இருக்கட்டும். பெத்த பொண்ணைத் தூக்கிக் குடுத்தவர்க்கா."

கீழே ஜெராக்ஸ் கடை அம்மாவும் அதையேதான் சொன்னார். அவர் யாரிடமும் என்னைப் பற்றி ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார். "பாவம், அவிய மேல தப்பில்லீங்க" என்றுதான் சொல்லியிருப்பார். சந்து முழுக்க என்னைக் கல்நெஞ்சக்காரியைப் போலப் பார்த்தது. அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கணினித் திரையிலேயே எழுதியிருந்தது. படித்துக்கொண்டே அதற்குள் சிக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் உதடு வெடித்திருந்தது. பன்னிரண்டு மணிபோல எழுந்தவர் தள்ளாடி மேசை விளிம்பைப் பிடித்தார். பட்டறைக்காரர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார். ஜெராக்ஸ் கடை அம்மா முந்தானையால் விசிறினார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

நான் கவிதையைத் தேர்ந்தெடுத்து அழித்தேன்.

"எடுத்துட்டேங்க."

அவர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். அடியிலிருந்த பூ மொட்டைத் தவிரப் பக்கம் வெள்ளையாக இருந்தது. பட்டறைக்காரர் தூக்கைத் திறந்து கொடுக்க, வாங்கிச் சாப்பிட்டார். பசித்தவர் மாதிரி அள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. கறிவேப்பிலையை ஒதுக்கி ஒதுக்கி, நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பக்கம் வெறிச்சுன்னு இருக்குதுங்களே சாமி."

சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். கல்யாணப் படம். மாலையும் நெற்றிச்சுட்டியுமாக அவர் பெண் நின்றிருந்தாள். மூன்று நாளும் அந்தப் படம் அவர் பையில் இருந்திருக்கிறது.

அதையும் வைத்தேன். பூ மொட்டை மட்டும் எடுத்துவிட்டேன். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் 'பக்க வடிவமைப்பு' என்று என் பெயர் இருந்தது, அதையும் நீக்கினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

நினைவு நாளுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் போகவில்லை. புத்தகத்தை வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்ததாகவும், இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று மேடையில் பேசினார்கள் என்றும் பட்டறைக்காரர் வந்து சொன்னார்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் ஓர் அம்மாள் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. துணிப்பை ஒன்றும் ஒயர்க்கூடை ஒன்றும் வைத்திருந்தார். கூடையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்ததும் யாரென்று தெரிந்துகொண்டேன்.

"நீங்கதானுங்களா அம்மிணி இதப் பண்ணுனது?"

"ஆமாங்கம்மா. உட்காருங்க."

உட்காரவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். "இந்த எடத்துல ஒரு பாட்டு இருந்துச்சுங்க. கல்யாணப் போட்டோ இருக்குது. பாட்டு எங்கீங்க?"

"நோட்டு உங்ககிட்டதான..."

"மூணையும் காவேரியில உட்டுட்டாருங்க. நெனவு நாளன்னைக்கு. சாங்கியம்னாரு."

என்ன நடந்தது என்று தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்ககிட்டயும் சாப்புடாம இருந்தாருங்களா?" என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, "ஊட்டுலயுந்தான் தொடல. எதுக்குன்னு எனக்குச் சொல்லலீங்க. நா எதக் கேட்டுட்டேன்னு மூணு நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்.

பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டுக்காவத்தான் புஸ்தகம் போடுங்கன்னு நின்னேன் அம்மிணி. நோட்ட அவரு கடேசி வரைக்கும் படிக்க மாட்டாரு, அச்சாயிருமுன்னு நெனச்சேன். ஊரு படிக்கட்டும்னு. நா வாயத் தொறந்து சொன்னா நம்பறதுக்கு ஆளில்லீங்க. அவரு அத்தன நல்லவரு."

முதலில் செய்த கோப்பு கணினியில் பழைய தேதியில் கிடந்தது. தேடி எடுத்தேன். அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். உதட்டசைத்துப் படித்தார். அழவில்லை. மீதிப் பிரதிகள் இருந்தால் இந்தத் தாளை உள்ளே ஒட்டித் தருகிறேன் என்றேன்.

"எல்லாங் குடுத்து முடிச்சாச்சுங்க. இனி ஒவ்வொரு ஊடாப் போயி ஒட்டறதுங்களா?"

தாளை நான்காக மடித்துத் துணிப்பையில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். அப்போதுதான் அந்தப் பை நிறையச் சேலைகள் இருப்பதைப் பார்த்தேன்.

"வாழப்பாடி பஸ்ஸுக்கு எங்க நிக்கோணுங்க? தம்பி ஊடு அங்கதான்."

"ஐயாவுக்குத் தெரியுங்களா?"

"சோறாக்கி, கொழம்பு வெச்சு, மூடி வெச்சுட்டு வந்திருக்கறனுங்க. திங்கறதுன்னாத் திங்கட்டும்."

கடையைச் சாத்திவிட்டு நானே கூடப் போய்ப் பஸ் ஏற்றிவிட்டேன். என் எண்ணைத் தம்பி வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெரியவர் என் அறைக்கு மறுபடி வரவில்லை. வருவாரோ என்று பல நாள் மாடிப்படியில் காது வைத்துக்கொண்டிருந்தேன். வந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை. மார்கழியில் ஒருநாள் வாழப்பாடியிலிருந்து அந்த அம்மாள் பேசினார்.

"வந்தாருங்க. தம்பி ஊட்டு வாசல்ல ஒக்காந்துக்கிட்டாரு. வான்னு கூப்புடல. ஒண்ணுமே சொல்லல. தண்ணி குடுத்தாங்க, வாங்கல."

"எத்தனை நாளுங்கம்மா?"

"மூணு நாளுங்க. தம்பி பொண்டாட்டி என்ற கால்ல உழுந்துட்டா. 'போயிருங்கண்ணி, மனுசன் இங்கயே செத்துப்போயிருவாரு, எங்களுக்குப் பழி வந்துரும்'னு அழுவறா. தம்பி பேசறதையே நிறுத்திட்டான். நா உள்ள ஒக்காந்து மூணு நேரமும் சோறு போட்டுத் தின்னனுங்க. தொண்டையில நிக்குது. தண்ணியக் குடிச்சு முழுங்குனேன்."

"அப்புறம்?"

"நாலா நாளு வெடியக்காலம் எந்திரிச்சுப் போயிட்டாருங்க. பஸ் ஸ்டாண்டுக் கடையில ஒக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருந்தாருன்னு தம்பி பாத்துட்டு வந்து சொன்னான்."

நான் 'உம்' கொட்டினேன். பின்னால் மாடு கத்துவதும் யாரோ வாசல் பெருக்குவதும் மட்டும் கேட்டன. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று "அம்மா" என்று கூப்பிட்டேன்.

"இருக்கறனுங்க" என்றார். "நாலா நாளு அவரே எந்திரிச்சுப் போயிருவாருன்னு எனக்கே இப்பத்தானுங்க அம்மிணி தெரியும். முன்னயே தெரிஞ்சிருந்தா எம்புள்ளைக்குச் சொல்லியிருப்பனே."